படத்தில் இருக்கிற கை

சர்ர், சர்ர் என்று ஒரு சத்தம். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். தூரத்தில் ஓட்டு வீடுகள் மேல் மழை நடந்து வருகிற மாதிரி இருக்கும். ஆனால் வந்து சேராது. வந்துகொண்டே இருக்கும். மரவள்ளிக் கிழங்கின் ஈர மாவைத் துணியில் கொட்டி, துணியைத் தூளி மாதிரி கட்டி, இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி நின்று ஆட்டுவார்கள். மாவு உருண்டு உருண்டு மணி மணியாகத் திரளும். ஜவ்வரிசி அப்படித்தான் பிறந்தது அந்தக் காலத்தில். பிறகு எந்திரம் வந்தது. அப்புறம் எந்திரமும் நின்றது, எங்கள் பேக்டரியும் நின்றது. கொட்டகைக்கு இப்போது கூரைகூடக் கிடையாது. ஆனாலும் அண்ணி சொல்லுவாள், "மனோ, தூளி ஆடுது பாரு." நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். சாத்தினால் நின்றுவிடும். எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. அண்ணிக்காகத்தான் சாத்துகிறேன். அண்ணி தூங்கிவிட்டாலும் சாத்திவைத்துவிடுவேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

உட்காருங்கள் வசந்தகோகிலம். அந்த நாற்காலி வேண்டாம், இப்படி வாருங்கள். அங்கே உட்கார்ந்தால் பேசுவது உள்ளறைக்குக் கேட்கும். அண்ணி தூங்கவில்லை. தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறாள்.

இவ்வளவு சால்வையா! மேடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாளே என்று எனக்கு ராத்திரி முழுக்க அதுதான் உறுத்தல். நீங்கள் சங்கத்துச் செயலாளர், நீங்களே சுமந்துகொண்டு வரவேண்டுமா? யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். அந்தக் கேடயத்தை இப்படிக் கொடுங்கள், அலமாரியில் வைக்கிறேன். 'தொழில் துறைக்கும் பொதுவாழ்வுக்கும் பெருமை சேர்த்த திருமதி கமலவேணி சபாபதி அவர்களுக்கு.' நல்ல வாசகம். யார் எழுதினார்கள்? நான் எழுதியிருந்தால் 'பெருமை சேர்த்த' என்பதற்குப் பதில் வேறு ஏதாவது போட்டிருப்பேன். பரவாயில்லை, என்னை யாரும் கேட்கவில்லை. அழைப்பிதழிலும் என் பெயர் இல்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை.

பெயர் கேட்டு வந்திருக்கிறீர்கள். விழா மலரில் அந்தப் படத்துக்குக் கீழே போட. நேற்று அண்ணி மேடையில் கேட்டாளே, அந்தப் பெயர். சொல்கிறேன். சொல்வதற்கு என்ன? ஆனால் பெயரைச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி ஒன்று வரும். எனக்கு அந்த அடுத்த கேள்விதான் பிடிக்காது. அதனால் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அண்ணியைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

நேற்று ராத்திரி காரில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குக் காலையில் ஒரே ஒரு வாக்கியம். "அவ பேரச் சொல்லாத வாயால எங்கிட்டப் பேசாத மனோ." அவ்வளவுதான். கதவை ஒருக்களித்துவிட்டுப் படுத்தவள்தான். காபி வைத்தேன். ஆறிப்போயிற்று. இந்த வீட்டில் நானும் அவளும்தான், வசந்தகோகிலம். அவள் பேசாவிட்டால் எனக்கு வேறு யார் பேசுவதற்கு?

நான் சேலத்தில் பி.ஏ. படித்தவள். கல்யாணமாகிப் போன இடத்தில் ஒத்துவரவில்லை, திரும்பி வந்துவிட்டேன். வந்த வருஷமே அண்ணன் சபாபதி மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அண்ணிக்கு அப்போது என்ன வயசு, சின்னப் பெண். குழந்தை குட்டி கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லாம் பேக்டரியை யார் பார்ப்பது என்று கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அது நம்ம பேக்டரிதானுங்களே, நானே பாத்துக்கறேன்" என்றாள். பருப்புக்குத் தாளித்துவிட்டு வந்து சொன்ன மாதிரி சொன்னாள்.

மரவள்ளிக் கிழங்கு மண்டிக்கு முதல் நாள் அவளும் நானும்தான் போனோம். ஒரு வியாபாரி, பெயர் வேண்டாம், செத்துப்போய்விட்டார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பொம்பள வந்து கெழங்குக்கு வெல பேசறதா? வீட்ல கொழம்புக்குப் புளி கரைக்கற கைதானே அது."

அண்ணி தராசைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "புளி கரைக்கற கைக்குத்தான் கல்லு தட்டுப்படும்ங்க" என்று சொல்லி, தட்டுக்கு அடியில் கையை விட்டு, அங்கே ஒட்டிவைத்திருந்த இரும்புத் துண்டைப் பிய்த்து எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். மண்டியே சிரித்தது. அதற்கப்புறம் அவளை ஏமாற்ற யாரும் முயலவில்லை. தொழிலதிபர்கள் சங்கத்துக்கு அவள் தலைவியாக வந்தபோது அதே ஆள்தான் மாலை போட்டார்.

அவள் பேசுவாள், நான் எழுதுவேன். அவள் எந்த மேடையில் பேசினாலும் அந்தப் பேச்சு நான் எழுதியது. ஊரில் அவளை நாவன்மை மிக்கவர் என்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். அவள் வெளியூர் போகிற நாட்களில் ஆபீஸ் அறையில் நான்தான் உட்காருவேன். அந்தக் கோடையில் அவள் பெரும்பாலும் வெளியூர்தான். சங்கத்து வேலை, சென்னை, டெல்லி. ஊரில் இருந்தாலும் ஆபீசுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வருவாள்.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தாள்.

எங்கள் பேக்டரிக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவள் நிலம், வீடு, கிணறு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் பேரூராட்சி. அந்தப் பக்கம் வேறு பஞ்சாயத்து. எல்லைக்கல் வாய்க்கால் நடுவிலேயே நட்டிருக்கும். மாவு தெளிந்தபிறகு மேலே நிற்கிற புளித்த தண்ணீரை எல்லா பேக்டரியும் வாய்க்காலில்தான் விட்டது. எல்லாரும் விட்டார்கள், நாங்களும் விட்டோம். வாடை இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. பழகினால் தெரியாது.

முதல் நாள் வந்து வாசலில் நின்று என்னிடம் சொன்னாள். "அம்மாகிட்டச் சொல்லுங்க. கெணத்துத் தண்ணி பால் மாதிரி வருது. புளிக்குது. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது."

"மழை வந்தா சரியாயிடும்" என்றேன். மழை வந்தால் எதுவும் சரியாகிவிடும்தானே.

மறுநாள் ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அண்ணியின் மேஜைமேல் வைத்தாள். "அம்மா குடிச்சுப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு மறுநாளும் அப்படித்தான். அந்தக் கோடை முழுக்க அப்படித்தான். காலையில் நிறைந்த சொம்பு, சாயங்காலம் காலிச் சொம்பு.

நான்தான் எடுத்துக் கொட்டிவிடுவேன். வேலைக்காரியைக்கூடச் செய்யச் சொல்லவில்லை, நானே செய்தேன். அண்ணி பத்து ஊர் அலைந்துவிட்டு வருகிறாள், வந்ததும் இதையா பார்க்கவேண்டும்? ஜன்னலுக்கு வெளியே ஒரு செம்பருத்தி இருந்தது, அதன் அடியில் ஊற்றுவேன். தண்ணீர் வீணாகவில்லை. அந்தச் செடி அந்த வருஷம் ஏனோ பட்டுப்போயிற்று. வெயில் அப்படி.

ஒரு நாள் சொம்பை எடுத்துக்கொண்டு போகும்போது கேட்டாள். "குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க."

"ஒன்னுஞ் சொல்லலீங்களா?"

"என்ன சொல்லணும்?"

அவள் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். போய்விட்டாள். அவ்வளவு கூர்மையாக ஒரு சொம்பை யாரும் பார்த்து நான் பார்த்ததில்லை. படிக்காதவர்களுக்குச் சின்ன விஷயமெல்லாம் பெரிதாகத் தெரியும்.

காபி எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போதுமா?

அந்த வருஷக் கடைசியில் தேர்தல் வந்தது. பேரூராட்சித் தலைவர் பதவிக்கு அண்ணி நின்றாள். ஊரில் அப்போது குடிதண்ணீர்ப் பஞ்சம். கிணறெல்லாம் கெட்டுப்போயிருந்தது. எதனால் என்று இன்றைக்கு ஆளுக்கொன்று சொல்வார்கள். 'ஆற்றுத் தண்ணீரை உங்கள் வாசலுக்குக் கொண்டுவருவேன்.' நான் எழுதிக்கொடுத்த வாசகம். வீதி வீதியாகப் போவாள். தாரை தப்பட்டை முன்னால் போகும். வாசலுக்கு வாசல் ஆரத்தி. வெயிலுக்கு மோர் கொடுப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். எந்த வீட்டில் கொடுத்தாலும் வாங்கிக் குடிக்கவேண்டும். முகம் சுளித்தால் ஓட்டுப் போச்சு. குடிசையில் கொடுத்தால் கட்டாயம் குடிக்கவேண்டும். அதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அண்ணிக்கு அது நன்றாகத் தெரியும்.

பேக்டரித் தெரு முனையில் அந்த அம்மாள் வந்து நின்றாள். கையில் அதே பித்தளைச் சொம்பு. எனக்குச் சொம்பைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவளுக்கு இந்த ஊரில் ஓட்டே கிடையாது, வசந்தகோகிலம். ஓட்டு இல்லாதவளுக்கு அங்கே என்ன வேலை? நான் கூட்டத்தில் முண்டிக்கொண்டு போவதற்குள் அவள் சொம்பை நீட்டிவிட்டாள். அண்ணி சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டாள். அவள் அண்ணியின் காதருகில் குனிந்து என்னமோ சொன்னாள். தப்பட்டைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. 'தினமும்' என்று ஒரு வார்த்தை மட்டும் கேட்டது. ஆசீர்வாதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி ஒரு மடக்குக் குடித்தாள். நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் என்னை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை, நேராக என்னைப் பார்த்தாள். அப்புறம், அந்த அம்மாளும் ஒரு கையால் சொம்பைத் தாங்கிப் பிடிக்க, தலையை அண்ணாந்து மொத்தச் சொம்பையும் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. ஸ்டுடியோக்காரர் அப்போது எடுத்த படம்தான் அது.

எவ்வளவு அழகான படம்! அண்ணாந்த முகம், கழுத்தில் வெயில், சொம்பை ஏந்திப் பிடித்திருக்கும் அந்தக் கறுத்த கை, கையில் கண்ணாடி வளையல். முழுப் படத்தில் அந்த அம்மாள் முகமும் இருந்தது. அழுகிற மாதிரி இருந்தது, தேர்தல் சமயத்துக்கு அது சரியில்லை. நான்தான் முகத்தை வெட்டிவிட்டுக் கையை மட்டும் விடச் சொன்னேன். 'ஏழைத் தாயின் கைநீர் அருந்திய எங்கள் தாயே' என்று போட்டோம். ஊர் முழுக்க ஒட்டினோம். அந்தப் படம்தான் ஜெயிக்கவைத்தது. எதிர்த்து நின்றவரே சொன்னார், "உங்க நாத்தனார் மூளைக்கு நான் தோத்தேன்" என்று.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி குளித்துவிட்டு வந்து, தலைகூடத் துவட்டாமல் கேட்டாள். "மனோ, அந்தத் தண்ணிய நீ ஒரு வாட்டியாச்சும் குடிச்சுப் பாத்தியா?"

"எந்தத் தண்ணி அண்ணி?" என்றேன். பிரசாரம் முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி. அப்போது போய் வேறு என்ன சொல்லமுடியும்?

நான் டம்ளரில் தண்ணீர் மொண்டு நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. தானே போய்ப் பானையில் மொண்டு குடித்தாள். அன்றையிலிருந்து இன்றுவரை என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தவள் இல்லை. தன் வேலையைத் தானே செய்துகொள்கிற பழக்கம். பதவிக்கு வருகிறவர்களுக்கு அது வந்துவிடும் போலிருக்கிறது. நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், எங்கள் அண்ணி தண்ணீருக்குக்கூட யாரையும் ஏவமாட்டாள் என்று. நேற்று பாராட்டுரையில் அதையும் ஒருவர் சொன்னார், கேட்டீர்களா? நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஜெயித்ததும் அவள் செய்த முதல் வேலை, பேக்டரித் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிற வழியை அடைத்தது. எங்கள் பக்கத்திலேயே குழி வெட்டி அதில் விடச் சொன்னாள். மற்ற பேக்டரிக்காரர்கள் எல்லாம் சண்டைக்கு வந்தார்கள். "உங்களுக்குப் பைத்தியமா?" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் ஆற்றுத் தண்ணீர். எத்தனை ஆபீஸ் ஏறினாள், எத்தனை பேரிடம் நின்றாள்! நான் மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தேன். கொண்டுவந்துவிட்டாள். பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, எல்லாத் தெருவுக்கும் குழாய். இந்த ஊரில் இன்றைக்குக் குடம் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடக்கிற பெண் ஒருத்தி இல்லையென்றால் அது அவளால். இது நான் சொல்லவேண்டியதில்லை. நீங்களே மேடையில் சொன்னீர்கள்.

குழாய் வாய்க்காலைத் தாண்டவில்லை. எல்லைக்கல்லோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வேறு பஞ்சாயத்து, சட்டம் இடம் கொடுக்காது என்றார்கள். அண்ணி ஒரு காலையில் குழாயடியில் தானே குடம் பிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டாள். பேரூராட்சித் தலைவர்! பட்டுப்புடவை முழங்கால்வரை சேறு. நான் கரையிலேயே நின்றேன். அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை.

"ஒங்க ஊருத் தண்ணி எங்களுக்கு எதுக்குங்க? ஒரு தடவை குடிச்சு முடிச்சாச்சே" என்றாள்.

என்ன திமிர் பாருங்கள். அண்ணி குடத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். மறுநாள் காலையில் அந்தக் குடம் எங்கள் பேக்டரி கேட்டுக்கு முன்னால் இருந்தது. தளும்பத் தளும்ப, அப்படியே. அண்ணி அதை நின்று பார்த்தாள். நான் கொட்டப்போனேன். "தொடாத" என்றாள். வெயிலில் தானாக வற்றும்வரை அந்தக் குடம் அங்கேயே இருந்தது.

அப்புறம் அந்த அம்மாள் நிலத்தை விற்றுவிட்டாள். நாங்கள் நேரடியாக வாங்கவில்லை. தரகர் வாங்கினார், தரகரிடம் நான் வாங்கினேன். அண்ணி அப்போது சென்னையில் இருந்தாள். கிணற்றை மூடி, மேலே அண்ணன் பெயரில் கல்யாண மண்டபம் கட்டினோம். நேற்று விழா நடந்ததே, அதேதான். சாப்பாட்டுக்கூடம் இருக்கிற இடம்தான் கிணறு. மண்டபம் திறந்த அன்றைக்கு வந்த அண்ணி அதற்கப்புறம் அங்கே காலெடுத்து வைக்கவில்லை, நேற்றுத்தான் வந்தாள். வாடகை வேண்டாம், எங்கள் மண்டபத்திலேயே விழாவை வையுங்கள் என்று உங்கள் சங்கத்துக்குச் சொன்னது நான்தான். இடம் வசதியாகத்தானே இருந்தது?

ஒன்று கேட்கவேண்டும் என்று நினைத்தேன். நேற்று சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லையே? தண்ணீர்? கேன் தண்ணீர்தான் வைக்கச் சொல்லியிருந்தேன். எவ்வளவு நல்ல தண்ணீர் வைத்தாலும் அந்தப் பந்தியில் யாராவது ஒருவர் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்ப்பார்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் கவனித்திருக்கிறேன். முகர்ந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார்கள். நீங்களும் முகர்ந்தீர்கள். நான் பார்த்தேன். ஏன் என்று கேட்டால் உங்களுக்கே தெரியாது, இல்லையா?

அண்ணி மட்டும் அவ்வப்போது கேட்பாள். "அவ மக வீட்லதான் இருக்காளா? திருச்செங்கோட்டுல? ஒரு நா போயிட்டு வரணும் மனோ." நான், "வெயில் குறையட்டும் அண்ணி" என்பேன். மழைக் காலத்தில் கேட்டால், "மழை விடட்டும்." "நல்லாத்தான் இருக்காளாம்" என்றும் சொல்லிவைப்பேன். வயசானவளை எதற்குக் கிளப்பவேண்டும்? பெயரைச் சொல்லமாட்டாள், நானும் சொல்லமாட்டேன். 'அவ' என்றால் இந்த வீட்டில் ஒருத்திதான்.

நேற்றுக் காலையில் அழைப்பிதழில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் படத்த மேடையில வெக்காதன்னு சொன்னேனே" என்றாள். "ஊருக்கே பிடிச்ச படம் அண்ணி, சங்கத்துக்காரங்க ஆசைப்படறாங்க" என்றேன். நான்தான் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. நீங்களும் அதைச் சுவர் உயரத்துக்கு அடித்துவைத்துவிட்டீர்கள். சாதாரணக் கை, அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிவிட்டீர்கள். விரல் ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கே பார்த்தாலும் அந்தக் கைதான் தெரிந்தது. நகத்தில் இருந்த மண்கூடத் தெரிந்தது.

ஏற்புரை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். நன்றாக வந்திருந்தது. அவள் அதை எடுத்தாள், மடித்தாள், கைப்பையில் போட்டுக்கொண்டாள். சபையைப் பார்க்காமல் பின்னால் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். மைக்குக்கு முதுகு. அப்படியே கேட்டாள்.

"இந்தக் கைக்காரி பேரு இங்க யாருக்காச்சும் தெரியுமா?"

பின்னாலிருந்து ஒரு ஆள், "தாய்க்குலம்!" என்று கத்தினான். சிரிப்பு. உங்கள் தொகுப்பாளர் பையனுக்கு நல்ல சமயோசிதம். "அது ஒரு தாயின் கை! தாய்மைக்கு ஏது அம்மா தனிப் பெயர்?" என்றான். கைதட்டல் எப்படி எழுந்தது, பார்த்தீர்கள்தானே. நீங்களும் தட்டினீர்கள்.

கைதட்டல் ஓயும்வரை அண்ணி நின்றாள். "பேரு கேட்டேன்" என்றாள். அதற்கும் தட்டினார்கள். அப்புறம்தான் அவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்குத் தெருமுனையில் பார்த்த அதே பார்வை.

"மனோ, உனக்குத் தெரியும். எந்திரிச்சு நீ சொல்லு."

ஐந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள், வசந்தகோகிலம். நான் எழுந்தேன். பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால், அந்த மண்டபத்தில் நின்று சொன்னால், அடுத்தது அண்ணி எதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். எழுந்தேன். கையைக் கூப்பி எல்லாரையும் கும்பிட்டேன். அவ்வளவுதான் முடிந்தது. தட்டினார்கள். தொகுப்பாளர் பையன், "அம்மாவின் நிழலாக வாழ்ந்த நாத்தனார்!" என்றான். ஓடிவந்து எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். நீங்கள்தான் போர்த்தினீர்கள். பச்சைக் கரை போட்டது. இதோ, அதை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாற்பது வருஷத்தில் எனக்கு ஒருவர் போர்த்திய சால்வை இது ஒன்றுதான். சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

போர்த்தி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது மேடையில் அண்ணி இல்லை. சால்வை, மாலை, கேடயம் எல்லாம் நாற்காலியில் கிடந்தது. பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டாள். நான் தேடிக்கொண்டு போனேன். சாப்பாட்டுக்கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவில், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு தரையில் நின்றுகொண்டிருந்தாள். பரிமாறுகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். "அண்ணி, வாங்க" என்றேன். "ஷ்" என்றாள். எதையோ கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சாம்பார் வாளிச் சத்தமாக இருக்கும்.

அவ்வளவுதான் நடந்தது. இதில் அண்ணியின் தப்பு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். நான் அவளுக்காகச் செய்யாதது என்ன இருக்கிறது? மலரில் நீங்கள் 'மூதாட்டி ஒருவர்' என்றே போட்டுவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? பழைய படம்.

இல்லை, பெயர் வேண்டும் என்கிறீர்கள். அம்மா மேடையிலேயே கேட்டாரே என்கிறீர்கள்.

சரி. எழுதிக்கொள்ளுங்கள். பாவாயி.

கேட்கவில்லையா? நான் மெதுவாகத்தான் சொன்னேன். பாவாயி. இனிஷியல் எனக்குத் தெரியாது. பாவாயி என்றே போடுங்கள். பாவாயி.

இருங்கள். கட்டில் சத்தம். எழுந்து உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது. பேனாவை மூடாதீர்கள், உட்காருங்கள், தயவுசெய்து கொஞ்சம் உட்காருங்கள். என்னோடு இருங்கள்.

"மனோ."

"என்னங்கண்ணி?"

"பாவாயி இப்ப எங்க இருக்கா?"

கேட்டுவிட்டாள், பார்த்தீர்களா. பேசிவிட்டாள் என்னோடு.

"அண்ணி... பாவாயி செத்துட்டா. திருச்செங்கோட்டுல, மக வீட்ல. நாம மண்டபம் தெறந்த வருசமே."